ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் காந்தம்

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் ரப்பர் காந்தத்தைத் திருப்பி வைத்தால் வழுக்கி விழும். படம் அச்சிட்ட பக்கத்தில் இழுப்பு ஏறக்குறைய இல்லை, அத்தனையும் பின்பக்கத்தில்.

இந்த ஒருபக்க வித்தையை 1973இல் ஜான் மாலின்சன் விளக்கினார். பின்னர், பெர்க்லி ஆய்வகத்தில் துகள் முடுக்கிகளுக்குக் காந்தங்களை வடிவமைத்த கிளாஸ் ஹால்பாக்கின் பெயரே அதற்கு நிலைத்தது.

சூட்சுமம் எளிது. வரிசையில் ஒவ்வொரு காந்தத்தின் திசையையும் முந்தையதிலிருந்து 90 பாகை திருப்பிக்கொண்டே போக வேண்டும். ஒரு பக்கம் புலங்கள் கைகோத்து வலுக்கின்றன. மறுபக்கம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

மோட்டாரில்தான் இதன் அழகு முழுதாகத் தெரிகிறது. காந்தங்களின் முதுகுக்குக் கனத்த இரும்பு வளையம் வேண்டியதில்லை, எடை குறைகிறது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனம் சூரியசக்திப் பந்தயக் கார்களுக்காக இப்படியொரு சக்கர மோட்டாரை உருவாக்கியது. அடுத்தடுத்து வைத்தால் துள்ளித் திரும்பப் பார்க்கும் துண்டுகளைப் பிடித்து நிறுத்தி, பசையிட்டு வளையமாக்குவது பொறுமையான கைவேலை.