குதிரைக்கு வைக்கோல் போட்டது யார்?

நோர்டிக் க்ரைம் நாவல்கள் என்று பேச்சு எடுத்தாலே பனி, இருட்டு, விவாகரத்தான சோகப் போலீஸ்காரர் என்று மூன்றே விஷயத்தில் முடித்துவிடுகிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் ஸ்வீடன்காரர்களைப் பழசிலிருந்து வரிசையாக, ஆங்கில மொழிபெயர்ப்பில், படிக்க ஆரம்பித்தேன். முதல் புத்தகத்திலேயே அந்த எண்ணம் அடிவாங்கியது. இந்த வகைக்கே மூலம் என்று சொல்லப்படும் நாவல் ஜூலை மாதத்தில் தொடங்குகிறது! (முடிவுகளையும் சொல்லப்போகிறேன். படிக்கும் உத்தேசம் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

1965-இல் வந்த 'ரோசான்னா'தான் அது. மாய் ஷோவால், பெர் வாலூ இருவரும் சேர்ந்து எழுதியது. மோத்தலா ஊர்ப் பக்கம் கால்வாயில் தூர் வாரும்போது சேற்றோடு ஒரு பெண்ணின் பிணம் மேலே வருகிறது. அவள் அமெரிக்காவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி என்று தெரியவே மாதக்கணக்கில் ஆகிறது. அப்புறம் அவள் வந்த படகில் இருந்தவர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் எடுத்த போட்டோக்களையெல்லாம் வாங்கி, ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார்கள். நடுவில் ஒன்றுமே நடக்காத வாரங்கள் வேறு. ராத்திரி முழுக்க லாக் ஃபைலை உருட்டிய அனுபவம் இருப்பவர்களுக்கு மார்ட்டின் பெக்கை உடனே பிடித்துப்போகும். சளியும் வயிற்றுக் கோளாறும் தவிர அவருக்குப் பெரிதாக வேறு சாகசம் கிடையாது.

பத்து வருஷத்தில் பத்து நாவல். பத்துக்கும் பொதுவாக ஒரே துணைத்தலைப்பு: 'ஒரு குற்றத்தின் கதை'. இருவரும் இடதுசாரிகள். அவர்கள் சொல்லும் குற்றம் கால்வாயில் கிடந்த பிணம் மட்டும் இல்லை. 1928-இல் பெர் ஆல்பின் ஹான்சன் நாடாளுமன்றத்தில் ஸ்வீடனை 'மக்களின் இல்லம்' ஆக்குவது பற்றிப் பேசினார். நல்ல வீட்டில் செல்லப்பிள்ளையும் கிடையாது, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் கிடையாது என்கிற கருத்து. அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்பதுதான் பத்து நாவலிலும் ஓடும் வழக்கு.

இது நன்றாகத் தெரிவது கடைசி நாவலான 'பயங்கரவாதிகள்' (1975) கதையில். ஸ்டாக்ஹோமுக்கு ஓர் அமெரிக்க செனட்டர் வருகிறார். அவரைக் கொல்ல வந்திருக்கும் கைதேர்ந்த கூட்டத்தைத் தடுக்க மொத்தப் போலீசும் திட்டம் போடுகிறது. ஆனால் சுடப்படுவது பிரதமர். சுடுவது ரெபெக்கா லிண்ட் என்ற இளம்பெண், கைக்குழந்தைக்காரி. கதையின் ஆரம்பத்தில் வங்கியில் போய்ப் பணம் கேட்கிறாள். வங்கி கடன் கொடுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனவளைக் கொள்ளைக்காரி என்று பிடித்துவிடுகிறார்கள். அமெரிக்க ராணுவத்திலிருந்து ஓடிவந்த அவளுடைய துணைவன் திரும்பிப் போய் அங்கே மாட்டிக்கொள்கிறான். உதவி கேட்டு அவள் தட்டாத கதவில்லை. பாதுகாப்பு ஏற்பாட்டில் எல்லா ஓட்டையையும் அடைத்தவர்களுக்கு இவள் ஒரு ஓட்டையாகக்கூடத் தெரியவில்லை.

வாலூ அந்த வருஷம் ஜூன் மாதமே இறந்துவிட்டார். 1986 பிப்ரவரி 28 இரவு, சினிமா பார்த்துவிட்டு மனைவியோடு மெய்க்காவலர் இல்லாமல் நடந்துபோன பிரதமர் ஓலாஃப் பால்மே நிஜமாகவே ஸ்டாக்ஹோம் தெருவில் சுடப்பட்டார். உடனே 'தீர்க்கதரிசனம்' என்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. நாவல் கேட்ட கேள்வி வேறு. பிரதமரைச் சுடுவது ஒன்றுதான் வழி என்று நினைக்கும் நிலைக்கு ஒரு பெண்ணை யார் கொண்டுவந்து விட்டது என்பது. ஒன்றை மறைக்கக் கூடாது, கடைசி நாவல்களில் பிரசங்கம் ஜாஸ்தி. உயர் அதிகாரிகள் எல்லாம் கோமாளிகளாகவே வருவது சில இடங்களில் சலிப்பு.

பிரசங்கம் இல்லாமல் இதைச் செய்தவர் என்று ஹென்னிங் மான்கெலைச் சொல்வேன். வாலண்டர் வரிசையின் முதல் நாவல் 'முகமற்ற கொலைகாரர்கள்' (1991). தெற்கே ஸ்கோனே பகுதியில், ஒரு ஜனவரி மாதம் (இதில் குளிர் உண்டு), வயதான விவசாயத் தம்பதியைத் தாக்கியிருக்கிறார்கள். கணவர் இறந்துகிடக்கிறார். மருத்துவமனையில் சாவதற்கு முன் மனைவி சொல்லும் வார்த்தை 'வெளிநாட்டு'. வாலண்டர் அதை அமுக்கி வைக்கப் பார்க்கிறார், செய்தி கசிந்துவிடுகிறது. அகதி முகாமுக்குத் தீ வைக்கிறார்கள். இந்தக் கொலைக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத சோமாலியர் ஒருவர் சுட்டுக்கொல்லப்படுகிறார்.

கடைசியில் பார்த்தால் அந்தத் தம்பதியைக் கொன்றவர்கள் நிஜமாகவே வெளிநாட்டவர்கள்.

படித்து முடித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. கும்பல் சொன்னது சரி என்று ஆகிவிடாதா? இரண்டு நாள் கழித்துத்தான் வேறு மாதிரி தோன்றியது. கொலைகாரன் உள்ளூர்க்காரன்தான் என்று முடித்திருந்தால் என்னைப் போன்றவர்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்போம். அப்போது சோமாலியரின் சாவு ஒரு 'தவறான தகவலால்' வந்த விபத்தாகிவிடும். மான்கெல் அந்த வழியை விடவில்லை. கிழவி சொன்னது உண்மை, அதை வைத்து ஊர் செய்தது கொலை. இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. வாலண்டரும் புனிதர் இல்லை. குடியேற்றத்தைப் பற்றி அவருக்குள்ளும் எரிச்சல் உண்டு, அது அவருக்கே தெரியும். நாவல் வந்த அதே 1991-இல், 'லேசர் மனிதன்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்த ஒருவன் குடியேறிகளாகப் பார்த்துச் சுட ஆரம்பித்தான். 1992 ஜனவரிக்குள் பதினொரு பேர் சுடப்பட்டார்கள், ஒருவர் இறந்தார்.

ஸ்டீக் லார்சன் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும். 2005-இல் வந்த அவர் நாவலின் ஸ்வீடிஷ் தலைப்புக்கு அர்த்தம் 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்'. ஆங்கிலத்துக்குப் போனதும் அது டிராகன் பச்சை குத்திய பெண் ஆகிவிட்டது. குற்றவாளிகளைக் குறித்த தலைப்பு போய் ஒரு பெண்ணின் முதுகு வந்து உட்கார்ந்தது. இந்த வகை உலகம் முழுக்க விற்கத் தொடங்கியபோது எதைக் கழற்றிவிட்டு விற்றார்கள் என்பது அட்டையிலேயே தெரிகிறது.

மான்கெலில் ஒரு சின்ன விஷயம் இன்னும் என்னை விடவில்லை. கொலை நடந்த ராத்திரி, லாயத்தில் இருந்த குதிரைக்கு யாரோ வைக்கோல் போட்டிருக்கிறார்கள். இரண்டு கிழங்களை அப்படிச் சிதைத்துவிட்டு, போகிற போக்கில் நின்று குதிரை பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைத்த ஒரு கை. வாலண்டர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். கொலைகாரர்களின் பெயர்கள் எனக்கு இப்போதே மறந்துவிட்டன, அந்தக் குதிரை மறக்கவில்லை.