புலிமேல் சவாரி

ஜமைக்காவின் அனான்சி கதைகளில் புலிக்கதைதான் எனக்கு உசத்தி. "புலியா? அது எங்கப்பா ஏறிப்போற குதிரை" என்று ஊரெல்லாம் அளந்துவிடுகிறான் சிலந்தியான அனான்சி. நியாயம் கேட்டு வருகிறது புலி. பயல் காய்ச்சல் என்று சுருண்டு கிடக்கிறான். ஊரார் முன்னால் வந்து மறுக்கச் சம்மதம்தான், நடக்கத்தான் தெம்பில்லையாம். முதுகில் ஏற்றிக்கொள்கிறது புலி. விழாமலிருக்க ஒரு சேணம், பிடித்துக்கொள்ளக் கடிவாளம், ஈ ஓட்ட ஒரு சாட்டை. ஒவ்வொன்றையும் முனகிக்கொண்டே கேட்டு வாங்குகிறான். ஊர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து சாட்டையை வீசுகிறான்!

கானாவின் அக்கான் மக்களிடமிருந்து அடிமைக் கப்பல்களில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த கதைமரபு இது. அங்கே குதிரைமேல் சாட்டையோடு வருபவன் யார் என்று கதை கேட்பவர்களுக்குத் தெரியும். அவசரப்படாமல் சேணத்திலிருந்து சாட்டைக்கு ஏறும் அந்த நிதானத்தில்தான் கலை இருக்கிறது.

இந்தச் சிலந்தியை இறையியலுக்குள் விட்டவர்களில் ஒருவர் மைக்கேல் ஜகேசர். கயானாவில் பிறந்த போதகர். பிரிட்டனின் ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபையில் இன நீதிக்கும் பல்பண்பாட்டு ஊழியத்துக்கும் பொறுப்பு வகித்தவர். 2012 முதல் 2014 வரை அதன் பொதுப்பேரவைத் தலைவர்கள் இருவரில் ஒருவர். இறையியலாளர் ஆண்டனி ரெட்டியுடன் சேர்ந்து 2007-இல் அவர் தொகுத்த நூல்கள் பிரிட்டனின் கறுப்பு இறையியலுக்கு முக்கியமானவை. அவற்றில் ஒன்றில் அனான்சியின் வழியில் வேதம் வாசிப்பதைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார்.

கறுப்பு இறையியலுக்காக 1969-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் எழுப்பிய குரல் கோபத்தின் குரல். கடவுள் ஒடுக்கப்பட்டவர் பக்கம் என்று நெஞ்சுக்கு நேராகப் பேசியது. கரீபியன் வழியில் அதே நியாயம் குறும்போடு வருகிறது. அந்தக் கண்ணோடு யாத்திராகமத்தைத் திறந்தால், ஆண்குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம் மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் முகம் மாறாமல் பொய் சொல்வது புதிதாகத் தெரிகிறது. நாங்கள் போவதற்குள் எபிரெயப் பெண்கள் பெற்றுவிடுகிறார்கள், என்ன செய்ய? இதைவிட நல்ல அனான்சி கதை ஏது?

ஜகேசரின் ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபை 2005-இல் தன்னைப் பல்பண்பாட்டுத் திருச்சபை என்று அறிவித்துக்கொண்டது. அறிவிப்பது சுலபம். ஆண்டுக்கொரு ஞாயிறு பல நாட்டு உடையும் சாப்பாடுமாகக் கழித்து, மறுவாரம் பழைய ஆட்களே பாட்டையும் பணக்கணக்கையும் தீர்மானிக்கும் சபைகள் எங்கும் உண்டு. வழிபாட்டுக்குள்ளேயே காலனியம் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று இறையியலாளர் ஸ்டீபன் பர்ன்ஸுடன் சேர்ந்து 2011-இல் ஜகேசர் துருவிப் பார்த்தது அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது.

ஒரு நெருடலும் உண்டு. அனான்சி புலியை மட்டுமா ஏய்க்கிறான்? பசி வந்தால் பெண்டாட்டி பிள்ளைகள் பங்கையும் சுருட்டுகிறான். ஜமைக்காவின் கதைசொல்லிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: கதை முடிந்ததும், சொர்க்கவாசல் காவலன் ஜாக் மண்டோராவைக் கூப்பிட்டு, இது நான் தேர்ந்தெடுத்த கதை இல்லை என்று கைகழுவி விடுவார்கள். பிரசங்கியாருக்கு அந்த வசதி கிடையாது. வசனத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான்.