இலக்கும் ஆர்க் மோடும்

வேலைக்குப் போய்க்கொண்டே ஆராய்ச்சி செய்பவர்களுக்கு, ஈமாக்ஸுக்குள் ஓடும் ஆர்க் மோட் நல்ல கருவிதான். 2003-ல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் தன் குறிப்புகளையும் திட்டங்களையும் ஒழுங்குபடுத்த எழுதியது. வெறும் உரைக்கோப்பு, நட்சத்திரக்குறி போட்டால் தலைப்பு, 'டூடூ' சேர்த்தால் வேலை. இருபது வருஷம் முந்தைய கோப்பும் இன்று திறக்கும்.

குறை என்னன்னா, எதையும் மாற்றிக்கொள்ளலாம். ஏரலுக்குப் பக்கத்தில்தான் கொற்கை. "கொற்கைக் கட்டுரை" என்று இலக்கு எழுதிவிட்டு, மூணு வாரம் நிறம், குறுக்குவிசை என்று நோண்டிக்கொண்டிருந்தேன். கட்டுரை ஒரு வரிகூட நகரவில்லை. தப்பு என்னுடையதுதான்.

இப்போது, "1968-69 கொற்கை அகழாய்வு: இரண்டு பக்கம் படி" என்று எழுதுகிறேன். இலக்கில் வினைச்சொல் இருக்கணும். அதை எந்தச் செயலியும் நமக்காக யோசித்துத் தராது.