கடைசி வகுப்புக்கு அப்புறம் என்ன?

போரால் ஊர் பெயர்ந்த பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ சபை பள்ளி நடத்துவது கேமரன் மலைக்குப் புதிதல்ல. சீன உள்நாட்டு மிஷன் தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1881-இல் சீனாவின் சீஃபூ நகரில் தொடங்கிய பள்ளியை ஜப்பானியப் படை கைப்பற்றியது. மாணவர்களும் ஆசிரியர்களும் வெய்ஷியன் முகாமில் 1945 வரை அடைபட்டுக் கிடந்தார்கள். பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது, மிஷனரிகள் சீனாவை விட்டு வெளியேறினார்கள். அந்தப் பள்ளியின் மறுபிறவி 1952 முதல் 2001 வரை இந்த மலையில் நடந்தது. பிரிட்டிஷ் ராணுவமும் தன் வீரர்களின் பிள்ளைகளுக்காக 1964 வரை தானா ராத்தாவில் ஒரு பள்ளி வைத்திருந்தது. அதன் பெயர் ஸ்லிம் பள்ளி. பர்மாவில் ஜப்பானியரை முறியடித்த 14-ஆம் படையின் தளபதி வில்லியம் ஸ்லிமின் பெயர் அது. அவருடைய படை போரிட்ட களங்களில் ஒன்று சின் மலைகள். இன்று மியன்மாரின் அதே சின் மலைகளிலிருந்து தப்பி வந்தவர்கள் கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் நாற்று நடுகிறார்கள், மருந்தடிக்கிறார்கள், கோஸ் அறுத்து லோரியில் ஏற்றுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக எந்த ராணுவமும் பள்ளி கட்டவில்லை.

அரசும் கட்டவில்லை. மலேசியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1959/63 குடிநுழைவுச் சட்டத்துக்கு அகதியும் அனுமதியின்றி நுழைந்தவரும் ஒன்றுதான். 1995-இல் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றபோதும், எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வி என்னும் 28-ஆம் பிரிவின் பகுதியை நாடு ஒதுக்கி வைத்தது. 2003 முதல் நடப்பில் உள்ள கட்டாயத் தொடக்கக் கல்வி குடிமக்களின் பிள்ளைகளுக்கானது. 2019-இல் ஆவணமில்லாப் பிள்ளைகளுக்காகக் கதவு சற்றுத் திறந்தது. ஆனால் பெற்றோரில் ஒருவராவது மலேசியராக இருக்க வேண்டும். அகதிப் பிள்ளை அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறது. நாட்டில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை வைத்திருப்போர் 180,000-க்கும் மேல், அவர்களில் மிகப் பெரும்பாலோர் மியன்மாரைச் சேர்ந்தவர்கள் என்பதை வைத்துப் பார்த்தால் இது சின்னப் பிரச்சினை அல்ல.

இந்த வெற்றிடத்தில்தான் சபை வருகிறது. சின் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், குறிப்பாக பாப்டிஸ்டுகள். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகளான ஆர்தர் கார்சனும் லாரா கார்சனும் 1899-இல் சின் மலைகளிலுள்ள ஹாக்காவுக்குப் போனதிலிருந்து தொடங்கிய உறவு அது. மலேசியாவில் இவர்களுடைய பள்ளிகள் முளைக்கும் விதம் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். முதலில் ஞாயிறு ஆராதனைக்கு ஒரு கடைவீட்டு மாடி வாடகைக்கு எடுக்கப்படும். பெற்றோர் தோட்டத்துக்குப் போகும்போது அறையில் பூட்டிவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும் என்ற பேச்சு எழும். பத்தாம் வகுப்பு வரை படித்த இளைஞர் ஒருவர் முன்வருவார். ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகள் திங்கட்கிழமை பெஞ்சுகளாகும். உள்ளூர்ச் சபை ஒன்று கைகொடுக்கும். அந்தச் சபை சீனருடையதாகவும் இருக்கலாம், தமிழருடையதாகவும் இருக்கலாம். பெற்றோர் மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டுவார்கள். ஐ.நா. ஆணையத்தின் ஏட்டில் அது பள்ளி அல்ல, ‘கற்றல் நிலையம்’.

இந்த ஏற்பாட்டின் முதல் பலம், பெற்றோரின் நம்பிக்கை. அதிகாரிகள் எந்த நேரமும் தோட்டத்துக்குள் சோதனைக்கு வரலாம் என்று அஞ்சி வாழும் பெற்றோர், முன்பின் தெரியாத தொண்டூழியரிடம் பிள்ளையை விடமாட்டார்கள். தங்கள் போதகரிடம் விடுவார்கள். எந்த மேம்பாட்டுத் திட்டமும் பணம் கொடுத்து வாங்க முடியாத ஒன்று இது. இன்னொன்றும் உண்டு, அது தமிழ் வாசகருக்குச் சட்டென்று புரியும். 1962-க்குப் பின் வந்த ராணுவ ஆட்சிகளின்கீழ் சின் மொழிகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லாமல் போனது. ஹாக்கா, ஃபலாம், தெடிம் மொழிகளின் எழுத்தைப் பிடித்து வைத்திருந்தவை பைபிளும் பாட்டுப் புத்தகமும்தான். சொந்த மண்ணில் அரசுப் பள்ளி சொல்லித்தராத தாய்மொழி எழுத்தை, அந்நிய மலையின் வாடகை மாடியில் ஒரு பிள்ளை எழுதிப் பழக முடிகிறது. 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு சின் மாநிலத்தின் தாந்லாங் நகரம் மீண்டும் மீண்டும் தீக்கிரையானது. அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வந்த பிள்ளைக்குத் தன் மொழியில் பேசும் வாத்தியாரே பாதி மருந்து.

மீதிப் பாதியைப் பற்றியும் பேச வேண்டும். எரிந்த வீட்டைப் பார்த்த பிள்ளைக்கு ஜெபம் ஆறுதல் தரும். ஆனால் இரவில் அலறி எழும் பிள்ளையையும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் அடையாளம் காண்பதற்குப் பயிற்சி தேவை. அது பெரும்பாலும் இல்லை. ஆசிரியர்களுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, கைச்செலவு. இரண்டு வருடம் பழகி வகுப்பை நடத்தத் தெரிந்துகொள்ளும் நேரத்தில் அவரே மூன்றாம் நாட்டுக்குக் குடியேறிப் போய்விடுவார். பள்ளியை ஆய்வு செய்ய அமைச்சிலிருந்து யாரும் வருவதில்லை, ஏனென்றால் அமைச்சைப் பொறுத்தவரை அது பள்ளியே இல்லை. பள்ளியை நடத்துபவர், வழிபாட்டை நடத்துபவர், போலீஸ் பிடித்தால் பேசப் போகிறவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில், அவர்மீதே புகார் என்றால் ஒரு தாய் எங்கே போவாள்? நல்ல போதகர்கள் பலர் இருக்கிறார்கள் என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. நன்கொடையாளருக்கு அனுப்பும் செய்திமடலில் பிள்ளைகளின் முகம் தெரியப் படம் போடும் பழக்கத்தையும் இங்கேயே கண்டித்துவிடுகிறேன். ஒளிந்து வாழும் குடும்பத்தின் படம் அது.

மதம் பற்றிய விமர்சனம் இரண்டு வகை. பிள்ளையை மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு சின் பள்ளிகளுக்குப் பொருந்தாது. அவர்கள் நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர்கள். உண்மையான குறை வேறு. சபையின் எல்லையே பள்ளியின் எல்லையாகிவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ரொஹிங்கியா முஸ்லிம் குடும்பம் இருந்தால் அந்தப் பிள்ளை இங்கே சேராது. முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைத் தடுக்கும் சட்டம் பகாங் உள்ளிட்ட பல மாநிலங்களில் இருப்பதால், சேர்த்துக்கொள்ள விரும்பும் போதகரும் தயங்குவார். சின் மக்களுக்குள்ளும் மொழிவாரியாக, சபைவாரியாகப் பிரிவுகள் உண்டு. பதினைந்து பிள்ளைகளோடு இரண்டு பள்ளி நடப்பதைவிட முப்பது பிள்ளைகளோடு ஒரு பள்ளி நடப்பது நல்லது என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள், எந்தச் சபையின் மாடியில் என்று கேட்கும் வரை.

ஆனால் இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். பயிற்சி கொடுக்கலாம், பாதுகாப்பு விதி எழுதலாம், சபைகளைச் சேர்த்து உட்காரவைக்கலாம். திருத்த முடியாத குறை ஒன்று உண்டு: இந்தப் பள்ளி எங்கும் போய்ச் சேராத பள்ளி. சீஃபூவின் பிள்ளைகள் வருடத்தின் பெரும்பகுதி பெற்றோரைப் பிரிந்து விடுதியில் கிடந்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. ஆனாலும் அங்கே படித்து முடித்தால் சொந்த நாட்டின் அடுத்த பள்ளி அவர்களுக்காகக் காத்திருந்தது. சின் பிள்ளைக்கு மலேசியாவின் எஸ்.பி.எம். தேர்வுக்குப் போகும் பாதை இல்லை. வெளிநாட்டுத் தேர்வுகளுக்குக் கட்டணம் கட்டக் காய்கறித் தோட்டக் கூலி போதாது. இடைநிலை வகுப்பு நடத்தும் நிலையங்கள் குறைவு, அவையும் பெரும்பாலும் நகரங்களில். பதின்மூன்று, பதினான்கு வயதானதும் பிள்ளை அப்பாவோடு பாத்திக்கு இறங்கிவிடுகிறது.

இந்த முட்டுச்சந்தைச் சபைப் பள்ளிகள் நெடுங்காலம் ஒரு நம்பிக்கையால் மறைத்து வந்தன. அமெரிக்கா கூப்பிடும் என்பதே அந்த நம்பிக்கை. அது பொய்யும் அல்ல. ஆயிரக்கணக்கான சின் குடும்பங்கள் அங்கே போய்க் குடியேறியிருக்கின்றன. அதனால் பாடத்திட்டமும் அந்தத் திசையைப் பார்த்தது. ஆங்கிலம் முதலில், மலாய் கடைசியில் அல்லது இல்லவே இல்லை. 2018-இல் ஐ.நா. ஆணையம் சின் அகதிகளுக்கான பாதுகாப்பை முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்தபோதே இந்தக் கணக்கு ஆட்டம் கண்டிருக்க வேண்டும். 2019 மார்ச்சில் அந்த முடிவு கைவிடப்பட்டது, எல்லாரும் மூச்சு விட்டார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகளைக் குடியேற்றும் திட்டத்தையே நிறுத்தி வைத்தது. இந்த மண்ணிலேயே வளர்ந்து, இங்கேயே காலத்தைக் கழிக்கப்போகும் பிள்ளைக்கு மலாயில் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாமல் வளர்த்திருக்கிறோம் என்றால், அதில் அரசின் பங்கு பெரிது; சபையின் பங்கும் இருக்கிறது.

அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு வேறு எப்படி நடந்துகொள்ள முடியும் என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். இந்தியாவும் அதில் கையெழுத்திடவில்லை. இருந்தும் 1983-க்குப் பின் வந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு தன் அரசுப் பள்ளிகளைத் திறந்துவிட்டது. 1984-இல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அந்தப் பள்ளிகளுக்கு மாற்றாகத் தனிப் பள்ளி நடத்த முனையாமல், முகாம்களில் மாலை வகுப்புகளை நடத்தியது. 1991-க்குப் பிறகு ஏதிலியரின் உயர்கல்வி வாய்ப்புகள் முடங்கிய கசப்பான காலமும் உண்டு, முகாம் வாழ்வைப் புகழ எதுவும் இல்லை. ஆனால் காலையில் அரசுப் பள்ளி, மாலையில் சமூகத்தின் துணை என்ற வேலைப் பிரிவினை சரியானது. அந்தப் பிள்ளைகள் ஊர்ப் பிள்ளைகள் எழுதிய அதே தேர்வை எழுதினார்கள்.

நம்முடைய தோட்டப் பள்ளிகளின் கதையும் இதைத்தான் சொல்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று காலனியத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தின் நிலவரம் அது. அந்தச் சட்டத்தால் வந்த பள்ளிகள் பெரும்பாலும் மோசமானவை. கோயில் கொட்டகையிலும் லயத்தின் ஓரத்திலும் கிராணி ஓய்வு நேரத்தில் பாடம் சொன்ன கதைகளைப் பழையவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் கடமை என்று ஒன்று ஏட்டில் இருந்ததால்தான் கேள்வி கேட்க முடிந்தது. பிற்பாடு அரசு உதவி கேட்கவும், பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கேட்கவும் அது ஒரு பிடி கொடுத்தது. கொட்டகையைப் பள்ளியாக்கியது யாருடைய கருணையும் அல்ல. சின் பிள்ளைக்கு அந்த மோசமான சட்டம்கூட இல்லை.

ஆகவே சபைப் பள்ளியை மூடச் சொல்வது கொடுமை. அதுவே போதும் என்று பாராட்டிவிட்டுப் போவதும் வசதியான கொடுமைதான். அந்தப் பாராட்டு அரசைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது. சபைகள் செய்ய வேண்டியது, இந்த வருடமே மலாய்ப் பாடத்தைத் தேசியப் பள்ளியின் பாடநூலைக் கொண்டு தொடங்குவது. நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. 1957-இல் எண்ணூற்றுக்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். அவற்றில் பல, 150-க்கும் குறைவான மாணவர் கொண்ட குறைந்த மாணவர் பள்ளிகள். தோட்டத்தில் நம் ஆட்கள் குறைந்து, கொழுந்து பறிக்கும் இயந்திரத்தைப் பிடிப்பவர்கள் வங்காளதேசிகளும் நேப்பாளிகளுமாகிவிட்ட மலை இது. கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிகளின் மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், பிற்பகலில் பூட்டிக்கிடக்கும் வகுப்பறைகளில் இந்தப் பிள்ளைகளுக்கு மலாயும் கணக்கும் சொல்லித்தர அனுமதி கேட்டுக் கல்வி அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதலாம். மறுத்தால் மறுக்கட்டும், மறுப்பு எழுத்தில் வரட்டும்.