ஒரே வாயில், இரு சிறுமியர்

பெண்ணுக்குப் பெண்தான் பகை! எந்நாட்டுத் திண்ணையிலும் இப்பேச்சுக்குப் பஞ்சமில்லை. 'லமீகா ஜெனியாலே' என்னும் இத்தாலியத் தொலைக்காட்சித் தொடரைக் கண்டோர் சிலரும், இரு பெண்களின் ஆறாத பொறாமையே கதை என்று கூறி எழுந்துவிடுகின்றனர். நாம் அதற்கு ஒப்போம். பொறாமை உண்டு, மறுப்பார் இல்லை. மூட்டியவர் எவர் என்பதன்றோ கேள்வி?

எலெனா ஃபெர்ரான்டே என்னும் புனைபெயருக்குப் பின்னே மறைந்து வாழும் எழுத்தாளரின் நான்கு நாவல்களே இதற்கு மூலம். 2018 முதல் 2024 வரை நான்கு பருவங்களாக, 34 பகுதிகளாக வெளிவந்தது. களம், போருக்குப் பிந்திய நேப்பிள்ஸ் நகரத்து ஏழைக் குடியிருப்பு. காலணி தைப்பவர் மகள் லீலா (நம் வீட்டுப் பெயர் போல ஒலிக்கிறது, ரஃபேல்லா என்பதற்குத் தோழி இட்ட செல்லப்பெயர் அது). நகராட்சிக் கடைநிலை ஊழியரின் மகள் எலெனா. இருவரும் அறிவிற் சிறந்த சிறுமியர். லீலாவோ ஆசிரியை கற்பிக்குமுன்னரே தானாக எழுதப் படிக்கக் கற்றவள்.

அந்நாள் இத்தாலியில் ஐந்தாம் வகுப்போடு பாதை இரண்டாகப் பிரியும். நுழைவுத் தேர்வில் வென்று, இலத்தீன் பயின்று, உயர்கல்வி நோக்கிச் செல்வது ஒன்று. தொழில் பழகிப் பட்டறைக்குப் போவது மற்றொன்று. தெருவில் எவரும் பேசாத, மாதா கோவிலில் பாதிரிமார் ஓதிய மொழி, ஏழைக் குழந்தையின் கல்விக்கு வாயிற்காவலன்! எலெனாவின் பெற்றோர் முணுமுணுத்துக்கொண்டேனும் பணம் தந்தனர். லீலாவின் தந்தையோ, படிக்க வேண்டும் என்று அடம்பிடித்த மகளைச் சன்னல் வழியே தெருவில் எறிந்தார். அவள் அஞ்சினாளா? நூலகத்து நூலை வைத்துத் தானே இலத்தீன் கற்று, பள்ளிக்குச் செல்லும் தோழிக்கே சொல்லிக்கொடுத்தாள்!

நுழைவுத் தேர்வை ஒழித்து, அனைவர்க்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்னும் சட்டம் 1962 டிசம்பரில் வந்தது. அப்போது லீலாவுக்கு வயது 18. பதினாறிலேயே மளிகைக்கடைக்காரனுக்கு மணமுடித்துவிட்டனர். திருச்சபை வாழ்த்திய அம்மணத்தின் தேனிலவிலிருந்து அவள் அடிபட்ட முகத்தோடு திரும்புகிறாள். ஊர் பார்க்கிறது, வாய் திறப்பதில்லை. மணவிலக்குச் சட்டம் இத்தாலிக்கு வந்ததோ 1970இல்! ஒருத்தி பீசா நகரப் பல்கலைக்கழகத்தில். மற்றொருத்தி சாசேஜ் தொழிற்சாலையில் இறைச்சி வெட்டிக் கை புண்ணாகி நிற்கிறாள். இருவர்க்கிடையே கசப்பு வளர்ந்ததென்றால், அதைப் பெண்ணின் இயல்பு என்பவர் கணக்கறியாதவர்.

நாமும் வகுப்பறையில் நிற்பவராதலின், ஒலிவியேரோ ஆசிரியை வரும் காட்சிகள் நம்மைத் தைத்தன. எலெனாவின் பெற்றோரிடம் வாதாடியவர் அவரே, வணங்குகிறோம். ஆயினும் லீலாவைத் தேர்வுக்கு அனுப்ப வீட்டார் மறுத்ததும், அவளைக் கைகழுவிவிடுகிறார். பாமரக் கூட்டத்தை மறந்துவிடு என்று எலெனாவுக்கு அறிவுரை வேறு! பார்பியானா என்னும் மலைச் சிற்றூரின் ஏழை மாணவர், பள்ளிகள் ஏழைகளை வடிகட்டி எறிவதைச் சாடி, ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக 1967இல் ஒரு நூலே எழுதினர். அவர்தம் ஆசான் லொரென்ஸோ மிலானி ஒரு பாதிரியார். அங்கியைப் பார்த்து உண்மையைத் தள்ளுவது நம் வழக்கமன்று.

தொடரில் குறையே இல்லையா? உண்டு. நீனோ என்னும் நாவன்மை மிக்க ஏமாற்றுக்காரனுக்கு அளித்த நேரத்தில் பாதியைத் தொழிற்சாலைக்கு அளித்திருக்கலாம். கதை முழுவதும் எலெனாவின் குரலிலேயே வருகிறது. படித்தவள் பேசுகிறாள், படிக்க விடப்படாதவள் பேசப்படுகிறாள். இது குறையா, ஆசிரியர் வேண்டுமென்றே காட்டும் குற்றமா? இரண்டாம் பருவத்தின் இறுதியைக் கண்டபின் நாம் பின்னதையே நம்புகிறோம்.

லீலா சிறுமியாக இருந்தபோது 'நீலத் தேவதை' என்றொரு கதை எழுதி ஆசிரியைக்குக் கொடுத்திருந்தாள். அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. அவர் இறந்தபின் எலெனாவின் கைக்கு ஒரு பொதி வருகிறது. உள்ளே அக்கதை, ஓரங்களில் ஆசிரியையின் கையெழுத்தில் பாராட்டு! தன் முதல் நாவலின் வித்து இதுவே என்று உணர்ந்த எலெனா அதை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்கு ஓடுகிறாள். லீலா வாங்குகிறாள், தோழியை வழியனுப்புகிறாள், முற்றத்தில் எரியும் நெருப்பில் போட்டுவிடுகிறாள்.