திருப்பூர் வெயிலும் இரத்தினபுரி மழையும்

காகிதத்துக்கென வந்த எப்சன் எல்1800, எல்805 போன்ற ஆறு வண்ண பிரிண்டர்களை, ஃபிலிமில் அடித்துத் துணிக்கு ஏற்றும் டிடிஎஃப் அச்சுக்கு மாற்றுவது திருப்பூரில் பழகிப்போன வேலை. எப்சனைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. அதன் ஹெட் மையைச் சூடாக்குவதில்லை, பீசோ அழுத்தத்தால் தள்ளுகிறது; ஆகவே நிறமி மையையும் தாங்கும். வெளிர்நீலமும் வெளிர்சிவப்பும் இருந்த இரண்டு தொட்டிகளில் வெள்ளையை ஊற்றுவார்கள். ஃபிலிமில் இடவலம் மாற்றி, முதலில் வண்ணம், அதன்மேல் வெள்ளை என அடித்து, ஈரம் இருக்கும்போதே பசைப் பவுடரைத் தூவி உருக்கி, ஹீட் பிரஸ்ஸில் சுமார் 160 பாகையில் துணியோடு அழுத்த வேண்டும்.

இலங்கையில் பலாங்கொடையிலோ இறக்குவானையிலோ எட்டியாந்தோட்டையிலோ ஒரு தோட்டத்துப் பிள்ளை இதையே அப்படியே செய்யப் போனால் முதலில் எதிர்ப்படுவது மழை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் திருப்பூருக்கு அதில் நாலில் ஒரு பங்கும் கிடைப்பதில்லை. அங்கே பயம், கோடையில் மை ஹெட்டிலேயே காய்ந்து அடைப்பது. இங்கே ஃபிலிம் ஈரம் வாங்கி, அச்சில்லாத இடத்திலும் பவுடர் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு நிறச் சட்டையில் படத்தைச் சுற்றி அழுக்குக் கறை போலத் தெரியும். பவுடரும் கட்டி தட்டும். அங்கே அறைக்கு ஈரம் ஊட்டுகிறார்கள், இங்கே ஈரத்தை உறிஞ்ச வேண்டும்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஓடர். வெள்ளை மையில் இருப்பது டைட்டானியம் டையொக்சைட். கனமானது, நிறுத்தி வைத்தால் அடியில் படியும். தினமும் ஓடும் இயந்திரத்தில் அது பெரிய தொல்லையில்லை. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் தரும் திருப்பூரில் வேலை நிற்பதில்லை. நம் தோட்டங்களில் கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, மே தினம் என்று காலத்துக்குக் காலம்தான் ரி-சேர்ட் கேட்பார்கள். இடையில் பல வாரம் சும்மா கிடக்கும் பிரிண்டரின் ஹெட் அடைத்துப்போகும்; அதை மாற்றும் செலவு பிரிண்டரின் விலையையே எட்டிப் பார்க்கும். மையும் ஃபிலிமும் இறக்குமதிச் சரக்கு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதையும், மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் போனதையும் யாரும் மறந்திருக்க முடியாது.

எனவே இங்கே பிரிண்டரிலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். முதலில் ஹீட் பிரஸ் மட்டும் போதும். பவுடர் உருக்கிய ஃபிலிமைக் கொழும்பில் அடித்து வாங்கலாம்; ஈரம் படாமல் மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. உருக்கும்போது எழும் புகை, பிள்ளைகள் படுக்கும் 10க்கு 12 அடி லயத்து அறைக்குள் வராமலும் இருக்கும். வாரத்தில் நாலைந்து நாள் அச்சு ஓடும் அளவுக்கு ஓடர் சேர்ந்த பிறகு, புகை போக வழியுள்ள கடையறை ஒன்றை எடுத்து பிரிண்டரை டிடிஎஃப்புக்கு மாற்றலாம். அப்போதும் முதல் காசு, அறையின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரத்துக்குத்தான்.