பம்பரம் என்னும் உவமை: அறிவியற்றமிழ் பற்றி ஒரு குறிப்பு

அறிவியலைத் தமிழில் எழுதுவோர் இலத்திரனின் சுழற்சியை விளக்கப் புகுமிடத்துப் பெரும்பாலும் பம்பரத்தையே துணைக்கழைக்கின்றனர். சிலரிடம் பம்பரத்தின் இடத்தைப் பூமி பெறுகின்றது. கலைப்பீட மாணவனுக்குப் பௌதிகத்தில் என்ன வேலை என்று வினவுவார் உளர். பௌதிகத்தின் கணக்குகள் எமக்குரியன அல்ல, உவமையோ எமக்குரியது. அது பழுதுபட்டிருப்பின் சுட்டுதல் தமிழ் பயில்வோர் கடனேயாம்.

தொல்காப்பியர் உவமைக்கு அடிப்படையாகத் தொழில், பயன், வடிவு, நிறம் என நான்கினை வகுத்தார். பம்பர உவமை தொழிலைப் பற்றி நிற்பது. ஆயின் அத்தொழில் இலத்திரனில் உண்டா? 1925இல் ஊலன்பெக், கூட்ஸ்மித் என்னும் இரு இளைஞர் சுழற்சிக் கருத்தை முன்வைத்தபொழுது முதுபேரறிஞர் லோரன்ஸ் ஒரு தடையை எழுப்பினார். இலத்திரன் அக்காலத்திற் கருதப்பட்ட பருமனுடைய உருண்டையாயின், அதன் மேற்பரப்பு ஒளியினும் பன்மடங்கு விரைந்து சுழலவேண்டிவரும் என்பதே அது. இளைஞர் இருவரும் கட்டுரையை மீளப்பெற விரும்பினர். அவர்தம் ஆசிரியர் எரன்பெஸ்ற்று அதனை முன்னரே அனுப்பிவிட்டமையால் அது அச்சேறியது. தடை இன்றும் நிற்கின்றது, கருத்தும் நிற்கின்றது. வீழ்ந்தது உருண்டை மட்டுமே. மேலும், பம்பரம் 360 பாகை திரும்பினால் பழைய நிலையை எய்தும். இலத்திரனின் நிலையோ 720 பாகை திரும்பினாலன்றி முற்றாக மீள்வதில்லை. எவ்வச்சுப்பற்றி அளந்தாலும் அதன் சுழற்சி இரண்டு விடைகளுள் ஒன்றையே தரும். பம்பரம் எவ்வளவும் சாயவல்லது.

இக்குற்றங்களைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவொண்ணாத குற்றம் வேறொன்று. பம்பரத்தின் சுழற்சிக்கும் அது தரையில் நகரும் திசைக்கும் தொடர்பில்லை. ஆதலால், இவ்வுவமையிற் பயின்ற மாணவன் சுழற்சி ஒன்று, ஓட்டம் இன்னொன்று எனப் பிரித்தே எண்ணப் பழகுகின்றான். திண்மப் பொருள்களின் பௌதிகத்தில் இன்று பெரிதும் பேசப்படுவதோ அவ்விரண்டினதும் பிணைப்பாகும்.

அப்பிணைப்பின் தோற்றம் எளிதாகவே கூறத்தக்கது. மின்புலத்தினூடே ஓடும் இலத்திரனின் நிலையில் நின்று நோக்கினால், ஏற்றமுடைய கருவே ஓடுவதாகத் தோன்றும். ஓடும் ஏற்றம் மின்னோட்டம். மின்னோட்டத்தைச் சூழக் காந்தப்புலம் உண்டு. அப்புலம் இலத்திரனின் சுழற்சியைத் திருப்ப முயலும். ஓட்டத்தின் திசை மாறின் புலத்தின் திசையும் மாறும். ஈயம், பிசுமது போன்ற பாரமான அணுக்களில் இவ்விளைவு வலியது. 1928இல் டிராக் அமைத்த சமன்பாட்டிற் சுழற்சியும் இப்பிணைப்பும் புறத்தேயிருந்து சேர்க்கப்படாமல் தாமே வந்தமைந்தன. (அந்த டிராக்கிடம் கேம்பிரிட்ஜிற் பயின்று, பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராயிருந்த சி. ஜே. எலியேசர் ஈழத்தமிழர் என்பதை எம்மவருட் பலர் மறந்துவிட்டனர்.) வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1930களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் பளிங்குகளை நுண்ணிய படிக இழைகளிலே தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை முறுகும் அளவினைக் கணித்தார். சுழற்சி பளிங்கின் அச்சுகளைப் பொருட்படுத்தாத தனிப்பொருளாயின், அவர் ஆராய்ந்த உப்புகள் பலவற்றில் அம்முறுக்கம் அங்ஙனம் தோன்றியிராது. பம்பரத்தைக் கொண்டு இதனை எங்ஙனம் விளக்குவது?

பழியை மொழிபெயர்த்தோர்மீது மட்டும் சுமத்துதல் நீதியன்று. மூலச்சொல்லே சுழல்வதைக் குறிப்பது. ஆங்கிலேயரின் பிள்ளைகளும் பம்பரத்தையே கற்பனை செய்கின்றனர். ஆனால் அவர்களுக்கு அப்படத்தைத் திருத்தும் நூல்கள் பல உள. எமது நிலை வேறு. 2006இல் இடம்பெயர்ந்து 2015இன் பின்னரே மீளக் குடியேறத் தொடங்கிய சம்பூர் போன்ற ஊரில், உயர்தர வகுப்பு மாணவனுக்குத் தமிழிலுள்ள பாடநூலே சிலவேளை ஆசிரியருமாகும். பல்கலைக்கழக விஞ்ஞானபீடத்திற் புகுந்ததும் அவன் ஆங்கிலத்திற்கு மாறவேண்டும். இடையிலுள்ள பாலம் இந்த உவமைகளே. அவ்வூரில் 120 மெகாவாற்றுச் சூரியமின் நிலையத்திற்கு 2025 ஏப்பிரலில் தொடக்கவிழா நடந்தேறியது. குறைகடத்தி வாசலுக்கு வருகின்றது, அதனை விளக்கும் சொல் வரவில்லை. தமிழகத்தில் வழங்கும் ‘தற்சுழற்சி’ எமது ‘சுழற்சி’யினும் பிழைபட்டது, ‘தன்’ என்ற அடை, இல்லாத உருண்டையை மேலும் உறுதிப்படுத்துகின்றது. ‘ஸ்பின்’ என்றே எழுதிவிடலாம் என்பது என் கருத்து. தூயதமிழ் அன்பர் சினப்பர். எனினும் ஒன்றும் சொல்லாத சொல், பொய் சொல்லும் சொல்லினும் மேலானது.

குறை கூறுவோன் மாற்று ஒன்று தரவேண்டும். கொட்டியாரக் குடாவின் கரையோரமாக மூதூர்ப் பக்கத்திலிருந்து சம்பூர் நோக்கி நடப்பவனை எண்ணிப்பார்க்க. கடல் அவனுக்கு இடப்புறம்; வலக்கையை நீட்டினால் அது ஊர்ப்புறம் காட்டும். அவன் திரும்பி நடந்தால் அதே வலக்கை கடலைக் காட்டும். எத்திசையில் நடப்பினும் கை, நடைக்குக் குறுக்கேதான். 1984இல் பிச்கோவும் ரஷ்பாவும் இருபரிமாணப் படலங்களுக்குக் கூறிய விதி இதுவே: கையின் இடத்திற் சுழற்சி, நடையின் இடத்தில் உந்தம், தலை மேலே என்னும் நிமிர்வின் இடத்திற் படலத்திற்குச் செங்குத்தான மின்புலம். மேல் கீழ் என்ற வேறுபாடு அற்ற இடத்தில் வலம் இடமும் இல்லை. சமச்சீர் மையமுடைய சிலிக்கன் பளிங்கின் உட்புறத்தில் இப்பிளவு காணப்படாமைக்குக் காரணம் அதுதான்.

இவ்வுவமைக்கும் எல்லை உண்டு. ரஷ்பாவின் படலத்தில் இடக்கையை நீட்டி நடக்கும் இன்னொரு கூட்டமும் வேறொரு சத்தியில் உள்ளது. எனவே வலக்கையர் திரும்பவேண்டின் அக்கூட்டத்திற் சேர்ந்து திரும்பலாம். 2009இல் ஆராயப்பட்ட பிசுமது செலனைட்டின் மேற்பரப்பிலோ ஒரே கூட்டம்தான். அங்கே நேரெதிர்த் திசையில் மீள்வதற்குக் கை முற்றாகப் புரளவேண்டும். காந்தத் தன்மையற்ற மாசு எதுவும் அதனைப் புரட்டமாட்டாது.